ரத்தத்தில் தேவையில்லாதது, ஈயின் குடலில் உயிர்நாடி: ஒட்டுண்ணிகளின் மைட்டோகாண்ட்ரியா

டிரிப்பனோசோமா புரூசி என்று ஓர் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி இருக்கிறது. ஆப்பிரிக்காவின் தூக்க நோய்க்குக் காரணம் இதுதான். செட்சி ஈ கடிக்கும்போது ரத்தத்துக்குள் வருகிறது, அங்கேயே நீந்திப் பெருகுகிறது, அப்புறம் இன்னொரு செட்சி ஈ வந்து அந்த ரத்தத்தைக் குடிக்கும்போது ஈயின் குடலுக்குப் போய்ச் சேருகிறது. உணவை எரித்து ஆற்றல் தயாரிக்கும் செல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா நம் செல்கள் பெரும்பாலானவற்றில் ஏராளமாக உண்டு. இதற்கு இருப்பது ஒன்றே ஒன்று, செல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீண்டு கிடக்கும் ஒன்று.

ரத்தத்தில் இருக்கும்வரை, உணவை எரித்து ஆற்றல் எடுக்க அந்த ஒன்றையும் அது பயன்படுத்துவதில்லை. சுற்றிலும் குளுக்கோஸ் கொட்டிக் கிடக்கிறது. கிளைகோசோம் என்ற தனி உறுப்புக்குள் வைத்து அதை உடைத்து, அதில் கிடைக்கும் ஏடிபியிலேயே, அதாவது செல்லின் ஆற்றல் நாணயத்திலேயே, வாழ்கிறது. சைட்டோகுரோம்கள் என்ற புரதங்கள் வழியாக எலக்ட்ரான்களைக் கடத்தி ஆக்சிஜனில் கொண்டுபோய் முடிக்கும் அந்தப் பெரிய சங்கிலி அங்கே இல்லை. மைட்டோகாண்ட்ரியா ஒல்லிக் குழாயாகச் சுருங்கி, உள் மடிப்புகளை ஏறக்குறைய இழந்து கிடக்கிறது. ஆனால் அந்த மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்களைப் பேசவிடாமல் செய்தால் ஒட்டுண்ணி செத்துப்போகிறது. வேலை செய்யாத உறுப்பின் வாயை அடைத்தால் உயிர் ஏன் போக வேண்டும்? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போகும்போது எனக்குக் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒட்டுண்ணி உயிரியலில் இதைவிட அழகான கதையை நான் இதுவரை படித்ததில்லை.

முதலில் அந்த டிஎன்ஏ. இந்த மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ செல்லின் வாலடிக்குப் பக்கத்தில் ஒரு தட்டுபோலத் திரண்டிருக்கும், கைனெட்டோபிளாஸ்ட் என்று பெயர். சாயம் ஏற்றிச் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தாலே தெரியும் அளவுக்குத் திரட்சி. அதனால் 1920களிலேயே அங்கே டிஎன்ஏ இருப்பதைக் கண்டுவிட்டார்கள். மற்ற உயிரிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் டிஎன்ஏ இருக்கிறது என்று உறுதியாக ஏற்கப்பட்டது 1960களில்தான். அந்தத் தட்டுக்குள் இரண்டு வகை வளையங்கள் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றன. பெரிய வளையங்கள் சில டஜன், ஒவ்வொன்றும் சுமார் 23,000 எழுத்து (டிஎன்ஏவின் அடிப்படை அலகு) நீளம். சிறிய வளையங்கள் ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றும் சுமார் 1,000 எழுத்து. ஒன்றை இழுத்தால் மொத்த வலையும் கூடவே வரும். செல் பிரியும் ஒவ்வொரு முறையும் இந்த வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, நகலெடுத்து, திரும்பக் கோத்து, வலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். எதற்காக இவ்வளவு பாடு என்று கேட்கத் தோன்றும்.

பெரிய வளையத்தில் 18 புரதங்களுக்கான மரபணுக்கள் இருக்கின்றன, புரதம் தயாரிக்கும் இயந்திரமான ரைபோசோமுக்கான ஆர்என்ஏ இரண்டும் இருக்கின்றன. அந்தத் தயாரிப்புக்கு அமினோ அமிலங்களைக் கொண்டுவரும் டிஆர்என்ஏ ஒன்றுகூடக் கிடையாது, அத்தனையையும் வெளியே சைட்டோபிளாசத்திலிருந்துதான் இறக்குமதி செய்கிறது. இதுவரை சரி. ஆனால் அந்த 18 மரபணுக்களில் 12 அப்படியே படித்தால் அர்த்தமே வராது. 1986இல் ஆம்ஸ்டர்டாமில் ராப் பென் குழுவினர் காக்ஸ்2 மரபணுவின் எம்ஆர்என்ஏவை, அதாவது புரதம் செய்ய எடுக்கப்படும் ஆர்என்ஏ நகலை, பார்த்தபோது, டிஎன்ஏவில் இல்லாத நான்கு யு எழுத்துகள் அதில் கூடுதலாக இருந்தன. மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் வாசிப்புச் சட்டம் டிஎன்ஏவில் ஓரிடத்தில் பிசகியிருந்தது, அந்த நான்கு எழுத்தும் சரியாக அந்த இடத்தில் செருகப்பட்டுப் பிசகை நேராக்கியிருந்தன. டிஎன்ஏவில் என்ன இருக்கிறதோ அதன் நகல்தான் ஆர்என்ஏ என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த முடிவை வெளியிட எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நான்கு எழுத்தோடு நின்றிருந்தால் அது ஒரு விநோதமாக மட்டும் நினைவில் இருந்திருக்கும். 1988இல் கென் ஸ்டுவர்ட்டின் ஆய்வகம் காக்ஸ்3 மரபணுவைப் பார்த்தது. அந்த எம்ஆர்என்ஏவில் 547 யு செருகப்பட்டிருந்தன, 41 யு நீக்கப்பட்டிருந்தன. இறுதி எம்ஆர்என்ஏவில் பாதிக்கும் மேல் டிஎன்ஏவில் இல்லாத எழுத்து! டிஎன்ஏவில் அந்த மரபணு எங்கே இருக்கிறது என்று தேடினாலே கிடைக்காது. ஆர்என்ஏவைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போனால்தான் தெரியும். 1990இல் லாரி சிம்ப்சனின் குழு மீதிக் கதையைச் சொன்னது: எங்கே எத்தனை யு செருக வேண்டும் என்ற தகவல் வழிகாட்டி ஆர்என்ஏ என்னும் குட்டி ஆர்என்ஏக்களில் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை அந்தச் சிறிய வளையங்களிலிருந்து வருகின்றன என்பதும் அதையொட்டித் தெளிவாயிற்று. ஆயிரக்கணக்கான வளையங்கள் ஏன் என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

வேலை எப்படி நடக்கிறது என்றால், ஒரு வழிகாட்டி ஆர்என்ஏ எம்ஆர்என்ஏவின் கடைசிப் பக்கமாக, அதாவது 3' முனைப் பக்கமாக, வந்து ஒட்டுகிறது. ஒட்டிய இடத்துக்கு அடுத்து எழுத்துகள் பொருந்தாமல் நிற்கும் இடத்தில் ஒரு நொதி எம்ஆர்என்ஏவை வெட்டுகிறது. இன்னொன்று வழிகாட்டி சொல்லும் எண்ணிக்கையில் யு சேர்க்கிறது, அல்லது வேறொன்று அதிகப்படி யுவை எடுக்கிறது. கடைசியில் லிகேஸ் நொதி திரும்ப ஒட்டுகிறது. இந்த நொதிகள் எல்லாம் ஒரே பெரிய கூட்டாக இருக்கின்றன, எடிட்டோசோம் என்கிறார்கள். முதல் வழிகாட்டி தன் பகுதியைத் திருத்தி முடித்தால்தான் இரண்டாவது வழிகாட்டி ஒட்டுவதற்கான இடமே உருவாகும். இரண்டாவது முடித்தால்தான் மூன்றாவது. காக்ஸ்3 போன்ற ஒரு எம்ஆர்என்ஏவுக்குப் பல டஜன் வழிகாட்டிகள் வரிசையாக வந்து போக வேண்டும், நடுவில் ஒன்று வராவிட்டாலும் அதற்கு மேலே உள்ள பகுதி முழுக்க அர்த்தமற்றதாகவே நின்றுவிடும்.

இப்போது வாழ்க்கைச் சுழற்சிக்கு வருகிறேன், எனக்கு முக்கியம் அதுதான். செட்சி ஈயின் குடலுக்குப் போனதும் நிலைமை தலைகீழ். குளுக்கோஸ் அங்கே சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. இருப்பது புரோலின் என்ற அமினோ அமிலம். செட்சி ஈ பறப்பதற்கே புரோலினைத்தான் எரிபொருளாக வைத்திருக்கிறது. புரோலினிலிருந்து ஆற்றல் எடுக்க மைட்டோகாண்ட்ரியா முழு வீச்சில் இயங்க வேண்டும். அது கிளைவிட்டு வலைபோல் விரிகிறது, உள் மடிப்புகள் திரும்ப வருகின்றன, சைட்டோகுரோம் சங்கிலி எழுந்து நிற்கிறது. அந்தச் சங்கிலியின் முக்கியப் பகுதிகளான சைட்டோகுரோம் பி, காக்ஸ்2 ஆகியவற்றின் எம்ஆர்என்ஏக்கள் ஈயின் கட்டத்தில் நன்றாகத் திருத்தப்படுகின்றன. ரத்தத்தில் வேகமாகப் பெருகும் ஒல்லி வடிவத்தில் அவை பெரும்பாலும் திருத்தப்படாமல் கிடக்கின்றன. மரபணு இருக்கிறது, ஆர்என்ஏவும் எடுக்கப்படுகிறது, ஆனால் வாக்கியம் முடிக்கப்படுவதில்லை. சைட்டோகுரோம் பிக்குச் செருக வேண்டியது 34 யு மட்டுமே, அதைக்கூட ஒட்டுண்ணி அங்கே செய்வதில்லை.

எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. கூட்டு 1 என்ற புரதத் தொகுதியின் சில உறுப்புகள், குறிப்பாக என்டி8, என்டி9, ரத்தக் கட்டத்தில்தான் அதிகம் திருத்தப்படுகின்றன. என்டி7 இன்னும் சுவாரசியம்: அந்த எம்ஆர்என்ஏவில் திருத்த வேண்டிய பகுதி இரண்டு, 5' பக்கத்து, அதாவது தொடக்கப் பக்கத்து, சின்னப் பகுதி இரண்டு கட்டங்களிலும் திருத்தப்படுகிறது, 3' பக்கத்துப் பெரிய பகுதி முழுமையாவது ரத்தத்தில் மட்டும். ஆக ஒரே எம்ஆர்என்ஏவுக்குள்ளேயே ஒரு பாதி கட்டத்துக்குக் கட்டம் மாறுகிறது, இன்னொரு பாதி மாறுவதில்லை.

சரி, இதை யார் முடிவு செய்கிறார்கள்? முதலில் எவருக்கும் தோன்றும் விடை, தேவையில்லாத கட்டத்தில் வழிகாட்டி ஆர்என்ஏக்கள் தயாராகாது என்பதுதான். 1990களின் தொடக்கத்திலேயே அதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். சைட்டோகுரோம் பிக்கான வழிகாட்டிகள் இரண்டு கட்டங்களிலும் இருக்கின்றன. கருவியும் இருக்கிறது, குறிப்பும் இருக்கிறது, இருந்தும் திருத்தம் நடப்பதில்லை என்றால் கட்டுப்பாடு அவற்றைப் பயன்படுத்தும் இடத்தில்தான் இருந்தாக வேண்டும். எடிட்டோசோமின் புரதங்களில் தனித்தனி அமினோ அமிலங்களை மாற்றிப் பார்த்தபோது, சில மாற்றங்கள் ரத்தக் கட்டத்தை மட்டும் பாதித்தன, சில ஈக் கட்டத்தை மட்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே இயந்திரம், இடத்துக்குத் தக்கபடி அதன் வெவ்வேறு பாகங்கள் முக்கியமாகின்றன.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது ஆர்என்ஏ இழைகளைப் பிரித்துவிடும் ஹெலிகேஸ் நொதி ஒன்று, கேஆர்இஎச்2 என்று பெயர். ஈயின் கட்டத்தில் என்டி7இன் 3' பகுதி ஏன் திருத்தப்படுவதில்லை என்று பார்த்தால், அங்கே வேறொரு வழிகாட்டி குறுக்கே வந்து தவறான எழுத்துகளைச் செருகுகிறது. அந்தத் தவறான எழுத்துகள் எம்ஆர்என்ஏவை மடங்கச் செய்து, மேற்கொண்டு திருத்தம் போகாதபடி அடைப்பதாகத் தோன்றுகிறது. இந்தக் குறுக்கீட்டுக்கு கேஆர்இஎச்2 துணை நிற்கிறது. அதைக் குறைத்தால் ஈயின் கட்டத்திலேயே சரியான என்டி7 திருத்தம் தலைதூக்குகிறது. தவறான எழுத்து என்று இத்தனை நாள் குப்பையில் தள்ளிய சிலவற்றை அணைக்கும் பொத்தானாக ஒட்டுண்ணி பயன்படுத்துகிறது என்றால், திருத்தம் பற்றிய பழைய தரவுகளையெல்லாம் மறுபடி எடுத்துப் படிக்க வேண்டியிருக்கும். ஒரு துறைக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது என்பேன்.

திருத்தம் முடிந்த பிறகும் ஒரு வாசல் இருக்கிறது. எம்ஆர்என்ஏவின் கடைசியில் முதலில் ஒரு குட்டை ஏ-வால் ஒட்டப்படுகிறது, அது ஆர்என்ஏவைச் சிதையாமல் காப்பதற்கு. திருத்தம் முழுதாக முடிந்தால்தான் ஏவும் யுவும் கலந்த நீண்ட வால், 200 முதல் 300 எழுத்து வரை, சேர்க்கப்படுகிறது. அந்த நீண்ட வால் உள்ளதைத்தான் ரைபோசோம் எடுத்துப் புரதமாக்குகிறது. அரைகுறையாகத் திருத்தியதைப் புரதமாக்கினால் என்ன குழப்பம் வரும் என்று நினைத்துப் பார்த்தால் இந்தக் காவல் எவ்வளவு அவசியம் என்று புரியும்.

இனி ஆரம்பக் கேள்வி. ரத்தத்தில் சைட்டோகுரோம் சங்கிலி இல்லை, அதனால் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்கள் அங்கே தேவையில்லை என்றுதான் நீண்ட காலம் பலர் நினைத்தார்கள். 2001இல் அக்கிம் ஷ்னாஃபரும் ஸ்டுவர்ட் ஆய்வகத்தின் மற்றவர்களும் எடிட்டோசோமின் லிகேஸ் ஒன்றை ரத்தக் கட்டத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். திருத்தம் நின்றது, ஒட்டுண்ணியும் செத்தது. அப்படியென்றால் திருத்தம் வழியாக வரும் ஏதோ ஒரு புரதம் ரத்தத்திலும் உயிருக்கு அவசியம்.

அந்தப் புரதம் ஏ6, ஏடிபி சிந்தேஸ் என்ற இயந்திரத்தின் ஒரு பாகம். இதன் எம்ஆர்என்ஏவும் கடுமையாகத் திருத்தப்படுவதுதான், இரண்டு கட்டங்களிலும் திருத்தப்படுகிறது. ஆனால் ரத்தத்தில் மைட்டோகாண்ட்ரியா ஏடிபி தயாரிப்பதில்லையே, ஏடிபி சிந்தேஸ் எதற்கு? அங்கே அது பின்னோக்கிச் சுழல்கிறது. விழும் தண்ணீரில் சுழன்று மாவு அரைக்கும் சக்கரத்தை, மாவைச் செலவழித்துக் கையால் எதிர்ப்பக்கம் சுற்றி, தண்ணீரை மேலே ஏற்றுவதுபோல. குளுக்கோஸை உடைத்துச் சம்பாதித்த ஏடிபியைச் செலவழித்து, உட்சவ்வுக்கு வெளியே புரோட்டான்களைத் தள்ளி, சவ்வின் இரு பக்கத்துக்கும் நடுவே மின்னழுத்தத்தைக் காப்பாற்றுகிறது. அந்த மின்னழுத்தம் இல்லாவிட்டால் வெளியே தயாராகும் நூற்றுக்கணக்கான புரதங்களை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இழுக்க முடியாது, உறுப்பே செத்துவிடும், கூடவே செல்லும்.

ஆயிரக்கணக்கான வளையங்கள், நூற்றுக்கணக்கான வழிகாட்டிகள், எடிட்டோசோம், ரைபோசோம், வால் ஒட்டும் நொதிகள், இவ்வளவையும் ரத்தத்தில் ஓட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த ஒரு பாகத்துக்காகத்தான். திருத்தப்படும் ஆர்பிஎஸ்12 என்ற ரைபோசோம் புரதமும் தேவைப்படுகிறது, அதுவும் ஏ6ஐத் தயாரிக்கும் ரைபோசோமுக்காகவே என்று பார்க்கலாம். கூட்டு 1ஐ ரத்தக் கட்டத்தில் முடக்கிப் பார்த்தார்கள், ஒட்டுண்ணி சளைக்காமல் வளர்ந்தது. அப்படியிருக்க என்டி8ஐயும் என்டி9ஐயும் ரத்தத்தில் அவ்வளவு மெனக்கெட்டு ஏன் திருத்துகிறது என்பது இந்தத் துறையில் திறந்தே கிடக்கும் கேள்வி.

ஏ6தான் காரணம் என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது? ஷ்னாஃபர் பின்னர் எடின்பரோவில் தன் குழுவோடு 2013இல் வெளியிட்ட சோதனை இருக்கிறது. ஏடிபி சிந்தேஸின் காமா என்ற பாகத்தில், 262ஆம் இடத்தில் உள்ள லூசினை புரோலினாக மாற்றினார்கள். காமா பாகம் செல்லின் உட்கருவில் குறியிடப்பட்டது, மைட்டோகாண்ட்ரியாவில் அல்ல. அந்த ஒரே ஒரு மாற்றத்தோடு ரத்தக் கட்டத்து ஒட்டுண்ணிகள் கைனெட்டோபிளாஸ்ட் டிஎன்ஏவை முழுக்க இழந்தும் உயிர்வாழ்ந்தன, பெருகவும் செய்தன. மாறிய இயந்திரம் ஏ6 இருக்கும் பகுதியோடு ஒட்டாமலேயே ஏடிபியை உடைத்து மின்னழுத்தத்தைக் காக்கிறது. ஒரு அமினோ அமிலம் மாறியதும் ஒரு முழு ஜீனோம் வேண்டாததாகிவிட்டது. இதை முதன்முறை படித்த அன்று அதற்கு மேல் வேறெதையும் என்னால் படிக்க முடியவில்லை.

ஆனால், "வேண்டாததாகிவிட்டது" என்பது ரத்தத்துக்கு மட்டும்தான். ரத்தத்தில் கூட்டம் அதிகமாகும்போது ஒல்லி வடிவங்கள் பிரிவதை நிறுத்திக் குட்டை வடிவங்களாக மாறுகின்றன, ஈயின் வருகைக்கு முன்கூட்டியே தயாராகும் வடிவம் அது. கைனெட்டோபிளாஸ்ட் டிஎன்ஏ இல்லாத ஒட்டுண்ணிகளும் குட்டை வடிவமாக மாறுகின்றன, ஆனால் அந்த வடிவத்தில் அவற்றின் ஆயுள் குறைவு, ஈயின் குடலில் நிலைக்கவும் முடியாது. உடலின் ஒரு வெப்பநிலையில், ஒரு உணவில், ஒரு குடுவையில் வளர்த்துப் பார்த்து "இந்த மரபணு தேவையில்லை" என்று எழுதிவிடுவது எவ்வளவு அபாயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. நான் படிக்கும் எத்தனையோ கட்டுரைகளில் "தேவையற்றது" என்ற சொல் "எங்கே" என்ற சொல் இல்லாமலேயே வருகிறது, அது எனக்கு உண்மையாகவே எரிச்சல் தருகிறது.

குடுவையின் விளைவுக்கு இன்னொரு சாட்சி, டிரிப்பனோசோமாவின் உறவுக்கார ஒட்டுண்ணியான, பல்லிகளில் வாழும் லெய்ஷ்மேனியா டாரன்டோலே. திருத்தம் பற்றிய ஆரம்பகால ஆய்வுகளில் பெரும்பகுதி இதன் ஒரு பழைய ஆய்வக வகையில்தான் நடந்தது, பல்லாண்டுகள் குடுவையிலேயே வளர்ந்த வகை. அதில் சில மரபணுக்களுக்குத் திருத்தப்பட்ட எம்ஆர்என்ஏவே கிடைக்கவில்லை, வழிகாட்டிகளும் இல்லை. அப்புறம், இயற்கையிலிருந்து சமீபத்தில் பிரித்தெடுத்த இன்னொரு வகையைப் பார்த்தபோது எல்லாம் இருந்தன. கூட்டு 1க்கான புரதங்கள் குடுவையில் தேவைப்படாததால், அவற்றுக்கான சிறிய வளையங்கள் தலைமுறை தலைமுறையாகக் கழன்று தொலைந்துபோயிருந்தன. வாழ்க்கைச் சுழற்சியின் மற்றக் கட்டங்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால்தான் இயற்கையில் இந்த ஜீனோம் முழுதாக நிற்கிறது.

மலேரியாவிலும் இதே கதை வேறு வடிவில் இருக்கிறது. மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியத்தின் மைட்டோகாண்ட்ரியா ஜீனோம் வெறும் 6,000 எழுத்து, புரதத்துக்கான மரபணுக்கள் மூன்று மட்டும்: காக்ஸ்1, காக்ஸ்3, சைட்டோகுரோம் பி. ரைபோசோம் ஆர்என்ஏ துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது, அந்தத் துண்டுகள் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதே தனிக் கதை. (அதன் உறவுக்கார ஒட்டுண்ணியான டாக்சோபிளாஸ்மா இன்னும் ஒரு படி மேலே: அதன் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ 21 துண்டு வரிசைகள் விதவிதமாகக் கலைத்து அடுக்கப்பட்டதுபோல் இருக்கிறது.) யு செருகும் திருத்தம் இங்கே இல்லை. நீண்ட ஆர்என்ஏவாகப் படித்து அப்புறம் வெட்டிக்கொள்கிறது.

சிவப்பணுவுக்குள் இருக்கும்போது மலேரியா ஒட்டுண்ணியும் குளுக்கோஸை உடைத்தே வாழ்கிறது. எலக்ட்ரான் சங்கிலி ஓடுகிறது, ஆனால் ஏடிபிக்காக அல்ல. டிஎன்ஏவுக்கு வேண்டிய பிரிமிடின்களைத் தயாரிக்கும் நொதி ஒன்று எலக்ட்ரான்களை யுபிக்வினோன் என்ற எலக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறிடம் கொட்டுகிறது, அந்த யுபிக்வினோனைத் திரும்பத் திரும்பக் காலி செய்து கொடுக்க யாராவது வேண்டும். அகில் வைத்யாவின் குழு 2007இல் இதை அருமையாக நிரூபித்தது. ஈஸ்டிலிருந்து யுபிக்வினோன் தேவைப்படாத மாற்று நொதியை ஒட்டுண்ணிக்குள் வைத்தார்கள். சங்கிலியை அடைக்கும் அட்டோவாகுவோன் மருந்தைக் கொடுத்தும் அது சாகவில்லை. முழுச் சங்கிலியும் ரத்தத்தில் அந்த ஒரு வேலைக்காகத்தான் என்று ஆயிற்று. டிரிப்பனோசோமாவின் ஏ6 கதையைப் படித்தவருக்கு இது உடனே பழகிய முகமாகத் தெரியும்.

கொசுவுக்குள் போகத் தயாராகும் பாலினக் கட்டங்களில் மைட்டோகாண்ட்ரியாவின் புரதக் கூட்டுகள் பெருகுகின்றன, சிவப்பணுக் கட்டத்தில் இல்லாத உள் மடிப்புகள் உருவாகின்றன. எலிகளைத் தாக்கும் மலேரியா ஒட்டுண்ணியில் ஏடிபி சிந்தேஸை நீக்கிப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், ரத்தத்தில் அது வளர்ந்தது, கொசுவில் வளர்ச்சி நின்றது.

இது மருந்தோடு நேரடியாகத் தொடர்புடையது. அட்டோவாகுவோன் சைட்டோகுரோம் பியைப் பிடிக்கிறது. தனியாகக் கொடுத்தால் எதிர்ப்புத்திறன் சீக்கிரம் தோன்றுகிறது, சைட்டோகுரோம் பியின் 268ஆம் இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும். அதனால்தான் புரோகுவானில் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். 2016இல் வந்த ஆய்வு ஒன்று, எதிர்ப்புத்திறன் பெற்ற அந்த ஒட்டுண்ணிகளைக் கொசுவுக்குக் கொடுத்துப் பார்த்தது. அவற்றால் கொசு வழியாக அடுத்த உடலுக்குப் பரவ முடியவில்லை. ரத்தத்தில் அரைகுறை சைட்டோகுரோம் பி போதும், கொசுவுக்குள் முழு வீச்சு வேண்டும். எதிர்ப்புத்திறன் அந்த நோயாளியின் உடலோடு நின்றுவிடுகிறது. மருந்து எதிர்ப்பு பற்றிய செய்திகளில் இவ்வளவு நம்பிக்கை தரும் ஒன்றை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

நம்பிக்கையோடு ஒரு எச்சரிக்கையும் எனக்கு உண்டு, அது டிரிப்பனோசோமாவிடமிருந்தே வருகிறது. அங்கேயும் ரத்தத்தில் மட்டும் செல்லுபடியாகும் மாற்றம் உண்டு, காமா பாகத்தின் மாற்றம். அந்த வகை மாற்றம் உள்ளவை செட்சி ஈயில் வாழ முடியாது. அதோடு ஒழிந்திருக்க வேண்டும் இல்லையா? ஒழியவில்லை. டிரிப்பனோசோமா எவன்சி அப்படிப்பட்டதுதான். பெரிய வளையங்களை அறவே இழந்தது, சில வகைகள் கைனெட்டோபிளாஸ்ட் டிஎன்ஏவையே இழந்தவை, காமா பாகத்தில் ஈடுகட்டும் மாற்றம் கொண்டவை. 1880இல் கிரிஃபித் எவன்ஸ் பஞ்சாபில் சர்ரா நோய் கண்ட குதிரைகள், ஒட்டகங்களின் ரத்தத்தில் இதைக் கண்டார். நோய் உண்டாக்கும் டிரிப்பனோசோம் என்று முதலில் அடையாளம் காணப்பட்டது இதுவே. செட்சி ஈயை விட்டுவிட்டு, குதிரை ஈ போன்ற கடிக்கும் ஈக்களின் வாயில் ஒட்டிய ரத்தத்திலேயே ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. ஈக்குள் வளர வேண்டிய கட்டமே அதற்கு இல்லாமல் போய்விட்டது, அதனால் செட்சி ஈ இல்லாத ஆசியாவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் பரவ முடிந்தது. குதிரைகளிடையே இணைசேர்க்கையால் பரவும் டிரிப்பனோசோமா ஈக்விபெர்டமும் கிட்டத்தட்ட அதே பாதையில் போனதுதான்.

அதோடு, கால்நடைகளுக்குக் கொடுக்கும் ஐசோமெட்டாமிடியம், ஹோமிடியம் போன்ற மருந்துகள் கைனெட்டோபிளாஸ்ட் டிஎன்ஏவில் போய் உட்கார்பவை. அந்த டிஎன்ஏவைச் சாராமல் வாழக் கற்றுக்கொண்ட ஒட்டுண்ணிகள் குடுவைச் சோதனைகளில் இந்த மருந்துகளுக்கு எதிர்ப்புக் காட்டின. மருந்தே காமா மாற்றத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் நிலை.

ஆகவே, எடிட்டோசோமைக் குறிவைத்து மருந்து தேடுவது நல்ல யோசனைதான், மனிதனில் அப்படியொரு இயந்திரம் இல்லை என்பது பெரிய அனுகூலம். ஆனால் ரத்தக் கட்டத்தில் அதை நம்பியிருக்கும் வேலை ஏறக்குறைய ஏ6 ஒன்றுதான், அதற்கும் காமாவில் ஒரு மாற்றுப் பாதை இருக்கிறது. மனிதனைத் தாக்கும் வகைகளில் அந்தப் பாதையை எடுத்த ஒட்டுண்ணி செட்சி ஈயிடம் திரும்ப முடியாது, மலேரியாவின் 268ஆம் இடத்துக் கதைபோல அங்கேயே முடங்கும் என்று எதிர்பார்க்கலாம். கால்நடைகளில் அப்படி எதிர்பார்க்க முடியாது, அங்கே குதிரை ஈ காத்திருக்கிறது. எடிட்டோசோம் மருந்தைப் பரிசோதிப்பவர்கள், மருந்தைத் தாண்டிப் பிழைத்த ஒட்டுண்ணிகளின் காமா மரபணுவை முதலில் படித்துப் பார்க்க வேண்டும். அந்த ஒட்டுண்ணிகளைச் செட்சி ஈக்குக் கொடுத்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், கடிக்கும் மற்ற ஈக்கள் வழியாகப் பரவ முடிகிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.